எக்ஸ்பி பெட்டியில் எக்ஸ்டர்னல் டிஸ்க்: கழற்றவும் விடுவதில்லை, 4 டிபி தெரிவதும் இல்லை. உதவி தேவை

அச்சு_வேலை:

வணக்கம். சிவகாசியில் சின்ன ஆஃப்செட் அச்சகம் நடத்துகிறோம். டிடிபி பிரிவில் ஒரு விண்டோஸ் எக்ஸ்பி பெட்டி இன்னும் ஓடுகிறது. எஸ்பி3, கோர் 2 டுவோ, 2 ஜிபி ரேம். அதை மாற்றுங்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பல வருட வேலைகள், அதாவது கல்யாணப் பத்திரிகை, கோயில் மலர், பில் புக், மாதக் காலண்டர் எல்லாம் பேஜ்மேக்கர் 7 (பக்கம் வடிவமைக்கும் புரோகிராம்) ஃபைல்களாக அதில் இருக்கின்றன. எழுத்துருக்கள் யூனிகோடு அல்ல. அந்தத் தமிழ் பேக்கேஜ் திறக்கவே பாரலல் போர்ட்டில் டாங்கிள் என்ற சாவி மாதிரியான சின்னக் கருவி சொருகியிருக்க வேண்டும். பழைய காலண்டரையே எடுத்து, தேதியும் கடைப் பெயரும் மட்டும் மாற்றிக் கேட்கிற வாடிக்கையாளர்கள் நிறைய. இந்தப் பெட்டி இல்லாமல் அவர்களுக்கு வேலை முடித்துத் தர முடியாது.

பேக்கப்புக்கு இரண்டு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வைத்திருக்கிறோம். ஒன்று கடையில், ஒன்று வீட்டில். சாயங்காலம் ஒன்றைக் கழற்றி எடுத்துப் போவோம், காலையில் மற்றது வரும். சீசனில் இரவும் வேலை ஓடுவதால் மெஷினை ஆஃப் பண்ணாமலே மாற்றியாக வேண்டும்.

இப்போதைய பிரச்சினைகள். 500 ஜிபி சின்ன டிஸ்க், யூஎஸ்பி கேபிளிலேயே கரண்ட் எடுப்பது, முன்பக்கம் சொருகினால் டிக் டிக் என்று சத்தம் போட்டுவிட்டு நின்றுவிடுகிறது. பின்பக்கம் சொருகினால் ஜி டிரைவாக வந்துவிடுகிறது. ஆனால் கழற்றப் போனால் “ஜெனரிக் வால்யூம் டிவைஸை இப்போது நிறுத்த முடியாது, பிறகு முயலுங்கள்” என்கிறது. எல்லா விண்டோவையும் மூடினாலும் அதே பதில். இரண்டாவது 1 டிபி டிஸ்க் புதியது. சொருகினால் கீழே டிரேயில் பச்சை அம்பு ஐகான் வருகிறது, மை கம்ப்யூட்டரில் டிரைவ் மட்டும் இல்லை. இரண்டிலும் இடம் போதாது என்று 4 டிபி டிஸ்க் ஒன்று வாங்கி கேசிங்கில் போட்டோம். அதை டிஸ்க் மேனேஜ்மென்ட் “ஜிபிடி ப்ரொடெக்டிவ் பார்ட்டிஷன்” என்று காட்டுகிறது. ரைட் கிளிக் பண்ணினால் எந்த ஆப்ஷனும் இல்லை. அதில் ஏற்கனவே விண்டோஸ் 10 மெஷினிலிருந்து கொஞ்சம் டேட்டா ஏற்றிவிட்டோம்.

பழையபெட்டி:

தம்பி, முதல்ல அந்த 4 டிபி டிஸ்க்கை எக்ஸ்பியிலிருந்து கழட்டி வையுங்க. “டிஸ்க்பார்ட்ல க்ளீன் போடுங்க, சரியாயிடும்”னு நெட்ல யாராவது சொல்லுவாங்க. அது டிஸ்க் எப்படிப் பிரிஞ்சிருக்குன்னு சொல்ற பார்ட்டிஷன் டேபிளையே துடைச்சிரும். ஏத்தின டேட்டா கண்ணுக்குத் தெரியாமப் போயிடும். இப்போ டிஸ்க்குல ஒரு கோளாறும் இல்லை. ஜிபிடிங்கிறது அந்த டேபிளை எழுதற புது முறை, 32-பிட் எக்ஸ்பிக்கு அதைப் படிக்கத் தெரியாது, அவ்வளவுதான். அந்த “ப்ரொடெக்டிவ்” ங்கிறது பழைய ஓஎஸ் தெரியாம எழுதிடக் கூடாதுன்னு டிஸ்க்கோட முதல் செக்டர்ல, அதாவது முதல் சின்னக் கட்டத்துல, வைக்கிற ஒரு பாதுகாப்புப் பதிவு. அது தன் வேலையைச் சரியாத்தான் செய்யுது.

முன்பக்க போர்ட் விஷயம் முழுக்க கரண்ட். யூஎஸ்பி 2.0 போர்ட் ஒண்ணு 500 மில்லி ஆம்ப் தரணும். 2.5 இன்ச் டிஸ்க் ஓடும்போது அதுக்குள்ள அடங்கிடும். ஆனா மோட்டார் சுத்த ஆரம்பிக்கிற அந்த ஓரிரு நொடியில நிறைய டிஸ்க் அதைவிட அதிகமா இழுக்கும். முன்பக்க போர்ட்டுக்கு மதர்போர்டிலிருந்து கேபினெட்டுக்குள்ள ஒரு மெல்லிசு ஒயர் போகுதே, அதுல வோல்டேஜ் இறங்கிடும். மோட்டார் எழும்ப முடியாம திரும்பத் திரும்ப ட்ரை பண்ற சத்தம்தான் அந்த டிக் டிக். அப்படியே விட்டா நல்ல டிஸ்க்கும் கெட்டுப் போகும். பின்பக்கம் மதர்போர்டுலயே இருக்கிற போர்ட்டுல போடுங்க. இல்லைன்னா ரெண்டு தலை உள்ள ஒய் கேபிள், அல்லது சொந்த அடாப்டர் வெச்ச ஹப். நீள எக்ஸ்டென்ஷன் கேபிள் வேண்டாம்.

இப்போ ஒரு கேள்வி. 1 டிபி டிஸ்க் டிஸ்க் மேனேஜ்மென்ட்லயாவது தெரியுதா? தெரிஞ்சா என்ன எழுத்து போட்டிருக்கு?

அச்சு_வேலை:

தெரிகிறது அண்ணா. “ஹெல்தி” என்று இருக்கிறது, பக்கத்தில் எஃப் என்று எழுத்தும் இருக்கிறது. மை கம்ப்யூட்டரில் எஃப் என்றால் ப்ரூஃப் பார்க்கும் மெஷினின் ஷேர் ஃபோல்டர்தான் திறக்கிறது.

லேன்_கேபிள்:

விடை உங்கள் பதிலிலேயே இருக்கிறது சார். எக்ஸ்பி ஆபீஸ்களில் நான் அடிக்கடி பார்த்த கோளாறு இது.

நெட்வொர்க் டிரைவ் மேப் பண்ணும்போது அந்த எழுத்து லாகின் ஆன யூசரின் கணக்கில்தான் சேரும். புதிதாக வரும் டிஸ்க்குக்கு எழுத்து கொடுப்பது சிஸ்டம் அளவில் நடக்கும் வேலை. அந்தப் பகுதிக்கு யூசரின் மேப்பிங் தெரியாது. அது பார்க்கும்போது சி, டி, ஈ மூன்றும் உண்மையான டிரைவ்கள், அடுத்த காலி எழுத்து எஃப். அதைக் கொடுத்துவிடுகிறது. நீங்கள் எஃப்-ஐத் திறந்தால் நெட்வொர்க் டிரைவ் முன்னால் நின்று மறைத்துவிடுகிறது. ஹார்ட் டிஸ்க், கேபிள், டிரைவர் எல்லாம் நன்றாக இருக்கும்போதே “டிஸ்க் வரவில்லை” என்று புது கேபிள் வாங்குவார்கள்.

டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அந்த வால்யூமில் ரைட் கிளிக், “சேஞ்ச் டிரைவ் லெட்டர் அண்ட் பாத்ஸ்”, கடைசிப் பக்கத்து எழுத்து ஒன்று கொடுங்கள். எஸ் மாதிரி, சி, டி, ஈ எழுத்துகளுக்குத் தூரமான எதுவும். எக்ஸ்பி அதை நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்த முறை எந்த போர்ட்டில் சொருகினாலும் அதே எழுத்தில் வரும், ஏனென்றால் டிஸ்க்கின் சிக்னேச்சரையும் (அதன் அடையாள எண்) பார்ட்டிஷன் தொடங்கும் இடத்தையும் சேர்த்துத்தான் பதிகிறது.

இரண்டு பேக்கப் டிஸ்க்குக்கும் ஒரே எழுத்து வைத்தால் பேட்ச் ஃபைல் எழுத வசதி என்று தோன்றும். அது நிற்காது. ஒரு எழுத்துக்கு ஒரு வால்யூம்தான் பதிவில் இருக்கும். இரண்டாவதற்கு எஸ் கொடுத்த அந்த நிமிடமே முதலாவதன் பதிவு அழிந்துவிடும். தனித்தனி எழுத்தே கொடுங்கள்.

500 ஜிபியின் ஜி எழுத்தை மட்டும் இப்போதைக்குத் தொடாதீர்கள். பேஜ்மேக்கரில் படங்களை லிங்க் பண்ணி வைத்திருப்பீர்கள். பாதை ஜி என்று தொடங்கினால், எழுத்து மாறிய பிறகு ஒவ்வொரு ஃபைலிலும் லிங்க் தேட வேண்டி வரும்.

மின்னல்:

4 டிபி பற்றி ஒரு சந்தேகம். என்னிடம் 3 டிபி எக்ஸ்டர்னல் ஒன்று இருக்கிறது, பெட்டியோடு விற்பது. அதே எக்ஸ்பி எஸ்பி3-இல் முழு 3 டிபியும் ஒரே டிரைவாகத் தெரிகிறது. எக்ஸ்பியில் 2 டிபிக்கு மேல் முடியாது என்று பொதுவாகச் சொல்வார்களே, அது தவறு அல்லவா?

பழையபெட்டி:

நீங்க பார்க்கிறதும் உண்மை, வரம்பும் உண்மை. இதை எல்லாரும் கொஞ்சம் பொறுமையாப் படிக்கணும், ஏன்னா இதுலதான் டேட்டா போகுது.

ஜிபிடிக்கு முன்னாடி இருந்த பழைய எம்பிஆர் முறையில ஒவ்வொரு செக்டருக்கும் எண் எழுத 32 பிட் இடம்தான். தெருவுக்கு ஒதுக்கின கதவு எண் தீர்ந்துட்டா அதுக்கு மேல வீடு கட்டினாலும் தபால் போகாது இல்லையா, அந்த மாதிரி. செக்டர் ஒண்ணு 512 பைட்டுன்னா அந்த எண்ணெல்லாம் தீரும்போது 2.2 டிபி வந்திருக்கும். கடையில 2 டிபின்னு விக்கிறது அதுக்குள்ள அடங்கிடும். 3 டிபி, 4 டிபி அடங்காது.

இப்போ சில கேசிங் என்ன பண்ணுதுன்னா, உள்ள இருக்கிற டிஸ்க் 512 பைட் கணக்கு சொன்னாலும், நடுவுல இருக்கிற சிப் அதை எட்டெட்டா சேர்த்து “என் செக்டர் ஒண்ணு 4096 பைட்”னு வெளியில சொல்லும். எண் அதே 32 பிட்தான், ஆனா ஒவ்வொரு எண்ணுக்கும் எட்டு மடங்கு இடம். அதனால எம்பிஆர்லயே 16 டிபி வரைக்கும் போகலாம். எக்ஸ்பியும் அதை டேட்டா டிஸ்க்கா ஏத்துக்கும். மின்னல் சாரோட பெட்டி அந்த வகை. ஸ்டார்ட், ரன்ல எம்எஸ்இன்ஃபோ32 போட்டு, காம்பொனென்ட்ஸ், ஸ்டோரேஜ், டிஸ்க்ஸ்னு போங்க. “பைட்ஸ்/செக்டர்” வரியில 4096னு இருக்கும்.

ஆபத்து எங்கேன்னா, அந்தப் பெட்டியோட சர்க்யூட் போயிடுச்சுன்னு வெச்சுக்கங்க. உள்ள இருக்கிற டிஸ்க்கை எடுத்து வேற கேசிங்லயோ நேரா சாட்டா கேபிள்லயோ போட்டா, அது 512 கணக்குல பேசும். பார்ட்டிஷன் டேபிள்ல எழுதினதோ 4096 கணக்கு. ஒண்ணும் பொருந்தாது. விண்டோஸ் “இனிஷியலைஸ் பண்ணட்டுமா, ஃபார்மட் பண்ணட்டுமா”ன்னு கேக்கும். பதறிப்போய் ஓகே கொடுத்தவங்க ரொம்பப் பேரு. ஒரு பைட்கூட சேதமாகாத டிஸ்க், அந்த ஒரு கிளிக்ல சேதமாகும். அதே மாதிரி 4096 சொல்ற இன்னொரு கேசிங் கிடைச்சா எல்லாம் திரும்பத் தெரியும்.

அச்சகத் தம்பிக்கு என் யோசனை: 4 டிபியை எக்ஸ்பிக்காகக் கட்டாயப்படுத்த வேண்டாம். அதை விண்டோஸ் 10 மெஷின்லயே ஜிபிடியா இருக்க விடுங்க. எக்ஸ்பிக்கு ஒரு 2 டிபி டிஸ்க் வாங்குங்க. அதை எக்ஸ்பியில பார்ட்டிஷன் போடாதீங்க, விண்டோஸ் 10ல எம்பிஆர்னு தேர்ந்தெடுத்து என்டிஎஃப்எஸ்ல ஃபார்மட் பண்ணிட்டு எக்ஸ்பிக்குக் கொண்டுவாங்க. காரணம் உண்டு. எக்ஸ்பி பார்ட்டிஷனை 63-வது செக்டர்ல ஆரம்பிக்கும். இப்போ வர்ற டிஸ்க்கெல்லாம் உள்ளுக்குள்ள 4096 பைட் கட்டமா எழுதுது, வெளியில மட்டும் 512னு சொல்லுது. 63 எட்டால வகுபடாது. அதனால ஒவ்வொரு எழுத்தும் ரெண்டு கட்டத்து மேல விழுந்து, டிஸ்க் படிச்சு எழுதிப் படிச்சு எழுதி வேகம் அடிவாங்கும். விஸ்டாவுக்கு அப்புறம் வந்தது 2048-வது செக்டர்ல ஆரம்பிக்கும், சரியா உக்காரும். எக்ஸ்பி அதை ஒரு மறுப்பும் இல்லாமப் படிக்கும்.

அச்சு_வேலை:

1 டிபி டிஸ்க்குக்கு எஸ் கொடுத்தேன், உடனே வந்துவிட்டது. லேன்_கேபிள் சாருக்கு நன்றி.

கழற்றும் பிரச்சினை அப்படியே இருக்கிறது. எந்த புரோகிராம் எந்த ஃபைலைப் பிடித்திருக்கிறது என்று காட்டும் ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரரில் ஃபைண்ட் ஹேண்டில் போட்டு ஜி என்று தேடினேன், எந்த புரோகிராமும் வரவில்லை. ஆன்ட்டிவைரஸை நிறுத்தினேன். இண்டெக்சிங் சர்வீஸை நிறுத்தினேன். சிஸ்டம் ரீஸ்டோர் ஜி-க்கு ஆஃப். ஆனாலும் “நிறுத்த முடியாது”தான். ஒன்று கவனித்தேன். 1 டிபியை எப்போது கேட்டாலும் கழற்ற விடுகிறது. 500 ஜிபியைக்கூட மெஷின் ஆன் ஆன பிறகு சொருகினால் விடுகிறது. ராத்திரியே சொருகி வைத்து, காலையில் மெஷின் ஆன் பண்ணினால் அன்று முழுக்க விடாது.

கம்போசிங்_அக்கா:

தம்பி, நான் ஹார்டுவேர் ஆள் இல்லை, டிடிபி ஆப்பரேட்டர். மதுரையில ரொம்ப வருஷமா பேஜ்மேக்கர்லதான் வேலை. நீங்க கடைசியா சொன்ன வரியைப் பார்த்ததும் எனக்கு ஃபான்ட் ஞாபகம்தான் வந்துச்சு.

கண்ட்ரோல் பேனல்ல ஃபான்ட்ஸ் ஃபோல்டரைத் திறங்க. சில ஃபான்ட் ஐகான் மேல ஷார்ட்கட்டுக்கு வர்ற மாதிரி சின்ன அம்புக்குறி இருக்கான்னு பாருங்க. எக்ஸ்பியில “இன்ஸ்டால் நியூ ஃபான்ட்” கொடுக்கும்போது கீழே “காப்பி ஃபான்ட்ஸ் டு ஃபான்ட்ஸ் ஃபோல்டர்”னு ஒரு டிக் பாக்ஸ் இருக்கும். சி டிரைவ்ல இடம் கம்மியா இருந்த காலத்துல சில ஆப்பரேட்டருங்க அந்த டிக்கை எடுத்துட்டு இன்ஸ்டால் பண்ணுவாங்க. அப்போ ஃபான்ட் ஃபைல் எக்ஸ்டர்னல் டிஸ்க்குலயே இருக்கும், விண்டோஸ் அங்கேருந்தே எடுத்துக்கும். மெஷின் ஆன் ஆகும்போது டிஸ்க் இருந்தா அந்த ஃபான்ட்டெல்லாம் லோடு ஆகி, ஆஃப் ஆகிற வரைக்கும் பிடிச்சிக்கிட்டே இருக்கும். அப்புறமா சொருகினா லோடு ஆகாது, அதனால கழட்ட விடும்.

இன்னொரு அடையாளமும் சொல்றேன். டிஸ்க் இல்லாம மெஷின் ஆன் பண்ணின அன்னைக்கு பழைய ஃபைலைத் திறந்தா பேஜ்மேக்கர் “பானோஸ் ஃபான்ட் மேட்சிங்”னு ஒரு லிஸ்ட் காட்டி வேற ஃபான்ட் போடட்டுமான்னு கேக்குதா? தமிழ் எழுத்தெல்லாம் இங்கிலீஷ் எழுத்தும் குறியுமா மாறிப் போகுதா?

அச்சு_வேலை:

அக்கா, அப்படியே நடக்கிறது! அந்த லிஸ்ட் வரும் நாட்களில் டாங்கிள் லூஸ் என்று நினைத்து டாங்கிளைத் திருகி மாட்டுவோம். இப்போது ஃபான்ட்ஸ் ஃபோல்டரைப் பார்த்தேன். பத்திரிகைத் தலைப்புக்குப் போடும் அலங்கார எழுத்துகள் பலவற்றில் அம்புக்குறி இருக்கிறது. ப்ராப்பர்ட்டீஸில் பாதை ஜி என்றே காட்டுகிறது. முன்பு இருந்த ஆப்பரேட்டர் போட்டது.

கம்போசிங்_அக்கா:

சரி, அவசரப்படாம செய்யுங்க. முதல்ல ஜி-யில இருக்கிற அந்த ஃபான்ட் ஃபோல்டரை முழுசா சி-க்கு காப்பி பண்ணுங்க, இன்னொரு காப்பி 1 டிபியிலும் போட்டு வையுங்க. இந்த மாதிரி பழைய தமிழ் ஃபான்ட் தொலைஞ்சா திரும்பக் கிடைக்கிறது ரொம்பக் கஷ்டம். எந்த எழுத்துக்கு எந்த எண்ங்கிற கோடிங் அமைப்பு ஃபான்ட்டுக்கு ஃபான்ட் வேற, பேர் ஒண்ணா இருந்தாலும் வெர்ஷன் மாறினா சில கூட்டெழுத்து மாறி விழும். காப்பி எடுத்த பிறகு அம்புக்குறி போட்ட ஃபான்ட்டுகளை ஃபான்ட்ஸ் ஃபோல்டர்லேருந்து நீக்குங்க. ரீஸ்டார்ட் பண்ணி, சி-யில இருக்கிற காப்பியிலேருந்து டிக் பாக்ஸ் டிக் இருக்கான்னு பார்த்துட்டு இன்ஸ்டால் பண்ணுங்க. எண்ணிக்கை ரொம்ப அதிகமா இருந்தா எல்லாத்தையும் ஒரே தடவையில ஏத்தாதீங்க, பேஜ்மேக்கர் திறக்க நேரம் எடுக்கும். தினமும் வேணுங்கிறதை மட்டும் ஏத்துங்க.

பழையபெட்டி:

அக்கா, அருமை. ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர்ல ஏன் ஒண்ணும் வரலைன்னு இப்போ புரியுது. ஃபான்ட்டைப் பிடிச்சிருக்கிறது எந்த புரோகிராமும் இல்லை, விண்டோஸோட கிராஃபிக்ஸ் பகுதியே. அது சாதாரண ஹேண்டில் பட்டியல்ல வராது.

ஸ்டுடியோ_கண்:

இதே இழையில் கேட்கலாமா? திருச்சியில் கல்யாண வீடியோ எடிட்டிங். எக்ஸ்பி எடிட் சிஸ்டத்தில் இ-சாட்டா (வெளி டிஸ்க்குக்கான சாட்டா) போர்ட் இருக்கிறது. டிஸ்க் செருகும் டாக்கில் டிஸ்க் மாற்றினால் ரீஸ்டார்ட் பண்ணினால்தான் தெரிகிறது. யூஎஸ்பி மாதிரி ஓடும்போதே மாற்ற வழி உண்டா? பயாஸில் சாட்டா டிஸ்க் மோடை ஏஎச்சிஐ என்று மாற்றினேன், நீலத்திரை வந்தது, திரும்பவும் ஐடிஇ ஆக்கிவிட்டேன்.

பழையபெட்டி:

அந்த நீலத்திரையில ஸ்டாப் 7பின்னு வந்திருக்கும். எக்ஸ்பியோட கூட வர்ற டிரைவர்கள்ல ஏஎச்சிஐ டிரைவரே கிடையாது. புதுசா இன்ஸ்டால் பண்ணும்போதுன்னா எஃப்6 அழுத்தி ஃபிளாப்பியில கொடுக்கணும். ஏற்கனவே ஓடுற சிஸ்டத்துல டிரைவரை ஏத்தாம பயாஸ்ல மட்டும் மாத்தினா, பூட் டிஸ்க்கையே எக்ஸ்பியால பார்க்க முடியாது. ஐடிஇ மோடுல இருக்கிற வரைக்கும் டிஸ்க் வந்ததும் போனதும் விண்டோஸுக்குச் சொல்ல ஆளில்லை.

அதுக்காக பூட் டிஸ்க்கைத் தொட வேண்டாம். உங்க போர்டுல இ-சாட்டா எந்த சிப்புல தொங்குதுன்னு பாருங்க. அந்தக் காலத்து நிறைய போர்டுல இன்டெல் சிப்செட் தனி, பின்பக்க இ-சாட்டாவுக்கு ஜேமைக்ரான் மாதிரி இன்னொரு சின்ன சிப் தனி. பயாஸ்ல ரெண்டுக்கும் தனித்தனி செட்டிங் இருக்கும். ரெண்டாவது சிப்பை மட்டும் ஏஎச்சிஐ ஆக்கி அதோட எக்ஸ்பி டிரைவரைப் போட்டா பூட்டுக்கு ஒண்ணும் ஆகாது. அப்படித் தனி சிப் இல்லைன்னா சிலிக்கான் இமேஜ் 3132 போட்ட பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு பழைய மார்க்கெட்ல தேடுங்க, எக்ஸ்பி டிரைவர் உண்டு, ஹாட்பிளக் (ஓடும்போதே மாத்தறது) வேலை செய்யும்.

கழட்டும்போது பச்சை அம்பு லிஸ்ட்ல இந்த டிஸ்க் வராமப் போகலாம், எக்ஸ்பி அதை உள் டிஸ்க்குன்னு நினைக்கும். ஹாட்ஸ்வாப்னு பேர் உள்ள இலவசக் கருவி ஒண்ணு இருக்கு, அதுல நிறுத்திட்டு, டிஸ்க் சுத்துறது நின்ன பிறகு எடுங்க. கையில வைப்ரேஷன் தெரியும்போது தூக்காதீங்க.

கரண்ட் பக்கம் ஒரு எச்சரிக்கை. சாட்டா கனெக்டர்ல கிரவுண்டு பின்கள் கொஞ்சம் நீளம், அதனால முதல்ல அது தொடும், பிறகுதான் மத்தது. ஓடும்போது மாத்துறதுக்குன்னே அப்படி வடிவமைச்சது. பழைய 40 பின் ஐடிஇ டிஸ்க்குல அது கிடையாது. சாவி போட்டு இழுக்கிற மொபைல் ராக் வெச்சிருந்தாலும் மெஷின் ஆஃப் பண்ணிட்டுத்தான் இழுக்கணும். நாலு பின் மோலெக்ஸை ஓடும்போது கழட்டவே கூடாது.

வடமராட்சி:

வணக்கம் அண்ணை. நான் யாழ்ப்பாணத்தில இருந்து. எங்கட கடையில விண்டோஸ் 98 எஸ்இ கொம்பியூட்டர் ஒண்டு இன்னும் கிடக்கு. பாமினி எழுத்துருவில அடிச்ச பழைய நினைவு மலர் எல்லாம் அதுக்குள்ளதான். வெளியில எடுக்கிறதுக்கு பென் டிரைவ் போட்டா டிரைவர் டிஸ்க் கேக்குது. நெட்வேர்க் கார்ட்டும் இல்லை. என்ன செய்யலாம்?

பழையபெட்டி:

98 எஸ்இயில யூஎஸ்பி போர்ட் ஓடும், மவுஸ் கீபோர்டு ஓடும், ஆனா எல்லா பென் டிரைவுக்கும் பொதுவான டிரைவர் அதுல வரலை. விண்டோஸ் எம்இயிலயும் 2000லயும்தான் அது உள்ளயே வந்துச்சு. அதனால அந்தக் காலத்துல ஒவ்வொரு கம்பெனியும் பென் டிரைவோட ஒரு சிடி கொடுத்தாங்க.

என்யூஎஸ்பினு ஒரு பொது டிரைவர் தொகுப்பு இருக்கு. அதைப் போடறதுக்கு முன்னாடி டிவைஸ் மேனேஜர்ல ஏற்கனவே போட்ட பென் டிரைவ் டிரைவர், மஞ்சள் கேள்விக்குறி போட்ட யூஎஸ்பி சாமான் எல்லாத்தையும் நீக்கிடுங்க. நீக்காம மேல போட்டா ரெண்டும் மோதிக்கும். போட்டு ரீஸ்டார்ட் பண்ணின பிறகு எக்ஸ்பி மாதிரியே எஜெக்ட் ஐகானும் வரும். கண்டிப்பா அதுல நிறுத்திட்டுத்தான் எடுக்கணும். 98க்கு ஃபேட்16, ஃபேட்32 மாதிரி ஃபேட் வகை மட்டும்தான் தெரியும், பாதியில பிடுங்கினா திருத்திக்கிறதுக்கு அதுல ஜர்னல் (மாற்றங்களைக் குறிச்சு வைக்கிற பதிவு) கிடையாது. என்யூஎஸ்பியை 98க்குக் கொண்டு போறதுக்கு சிடியில எரிச்சுக்கங்க.

போர்ட் யூஎஸ்பி 1.1ஆ இருந்தா நொடிக்கு 1 எம்பி அளவுலதான் போகும், 10 ஜிபிக்கு ரெண்டே முக்கால் மணி நேரம் ஆகும். ராத்திரி போட்டுட்டுப் போங்க.

லேன்_கேபிள்:

அண்ணை, பேஜ்மேக்கர் ஃபைல்களோட அந்த மெஷினின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் மறக்காமல் எடுத்துவிடுங்கள். பாமினி என்ற பெயரில் நெட்டில் கிடைப்பது எல்லாம் உங்கள் மலரில் இருப்பதேதான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

வடமராட்சி:

மெத்தப் பெரிய உதவி. என்யூஎஸ்பி போட்டு, 8 ஜிபி பென் டிரைவ் பிடிச்சிட்டுது. ஃபான்ட்ஸையும் சேர்த்து கொப்பி பண்ணிக்கொண்டிருக்கிறன்.

அச்சு_வேலை:

முடிவுகளைச் சொல்கிறேன். ஃபான்ட்களை அக்கா சொன்னபடி சி-க்கு மாற்றினேன். காலையில் டிஸ்க்கோடு மெஷின் ஆன் பண்ணி, சாயங்காலம் பச்சை அம்பில் நிறுத்தினேன். உடனே “இப்போது பாதுகாப்பாகக் கழற்றலாம்” என்று வந்தது. பானோஸ் லிஸ்டும் வரவில்லை.

2 டிபி டிஸ்க் வாங்கி விண்டோஸ் 10-இல் எம்பிஆர் போட்டுக் கொண்டுவந்தேன். எக்ஸ்பியில் தெரிகிறது. ஆனால் பெரிய ஃபோல்டரை ஏற்றும்போது பாதியில் “டிலேய்டு ரைட் ஃபெயில்டு” என்று மஞ்சள் பலூன் வந்தது. புது டிஸ்க்கே கெட்டதா?

பழையபெட்டி:

உடனே டிஸ்க்கைக் குறை சொல்ல வேண்டாம். இவன்ட் வியூவர், சிஸ்டம் லாக்ல “டிஸ்க்”ங்கிற பேர்ல என்ன எண் வந்திருக்குன்னு பாருங்க. 7ன்னா பேட் பிளாக், டிஸ்க்கை மாத்தக் கேளுங்க. 11 அல்லது 51ன்னா பெரும்பாலும் வழியில கோளாறு: கேபிள், போர்ட், கரண்ட். டிவைஸ் மேனேஜர்ல ஒவ்வொரு யூஎஸ்பி ரூட் ஹப்பிலும் பவர் மேனேஜ்மென்ட்ல “கரண்ட் மிச்சம் பிடிக்க இதை அணைக்கலாம்”ங்கிற டிக்கை எடுங்க. கேபிளைச் சின்னதா, தடிமனா மாத்திப் பாருங்க.

அந்த பலூன் வந்தா, ஏத்தினதுல கடைசியா போன ஃபைல்கள் டிஸ்க்குக்குப் போய்ச் சேரலைன்னு அர்த்தம். காப்பி பண்ற விண்டோ 100 சதவீதம் காட்டியிருந்தாலும் நம்பாதீங்க. செக்டிஸ்க் ஓட்டிட்டு, அந்த ஃபோல்டரை அழிச்சு முழுசா திரும்ப ஏத்துங்க. டிஸ்க் ப்ராப்பர்ட்டீஸ், பாலிசீஸ்ல “குயிக் ரிமூவல்” இருக்கட்டும். தினமும் கழட்டுற டிஸ்க்குக்கு வேகத்தைவிட அது முக்கியம். ஆனா என்டிஎஃப்எஸ்ங்கிறதால குயிக் ரிமூவல் இருந்தாலும் பச்சை அம்பில நிறுத்தாம எடுக்காதீங்க.

அச்சு_வேலை:

51தான் நிறைய இருந்தது அண்ணா, 7 ஒன்றுகூட இல்லை. ரூட் ஹப் டிக்கை எடுத்துவிட்டு, கேசிங்கோடு வந்த கேபிளை மாற்றி, பின்பக்க போர்ட்டில் போட்டேன். முழு காலண்டர் ஃபோல்டரும் ஒரே மூச்சில் ஏறிவிட்டது, லாகிலும் புதிதாக எதுவும் இல்லை.

4 டிபிக்கு ஒரு கடைசிக் கேள்வி. அது விண்டோஸ் 10 மெஷினில் இருக்கிறது. எக்ஸ்பியிலிருந்து நெட்வொர்க்கில் அதற்கு நேராக அனுப்ப முடியவில்லை, ஷேர் திறக்க மறுக்கிறது.

லேன்_கேபிள்:

ஃபோல்டர் ஷேர் பண்ணும் முறைகளில் எக்ஸ்பிக்குப் பழைய எஸ்எம்பி 1 மட்டும்தான் தெரியும். விண்டோஸ் 10-இல் 1709 வெர்ஷனிலிருந்து ஷேர் கொடுக்கும் பக்கத்தில் அதைத் தானாகவே போடுவதில்லை. ஃபீச்சர்ஸில் போய் ஆன் பண்ணலாம், ஆனால் இன்டர்நெட் உள்ள மெஷினில் அதைத் திறந்து வைப்பதை நான் விரும்ப மாட்டேன். விண்டோஸ் 10-இல் சின்ன எஃப்டிபி (ஃபைல் அனுப்பும்) சர்வர் ஒன்று போட்டு, லேனுக்குள் இருந்து மட்டும் வரும்படி ஃபயர்வாலில் கட்டி, எக்ஸ்பியிலிருந்து அனுப்புங்கள். எக்ஸ்பி மெஷினின் கேட்வே முகவரியைக் காலியாக விட்டால் அது வெளியே போகாது, லேனில் மட்டும் பேசும். டிஸ்க்குகள் பல மெஷின் பார்ப்பதால் எக்ஸ்பியில் ஆட்டோரனையும் எல்லா டிரைவுக்கும் ஆஃப் பண்ணிவிடுங்கள்.

மின்னல்:

என் 3 டிபியைப் பார்த்தேன், பைட்ஸ்/செக்டர் 4096தான். இப்போது என்ன செய்வது நல்லது?

பழையபெட்டி:

ஓடுற வரைக்கும் ஓடட்டும். உள்ள இருக்கிறதுக்கு வேற டிஸ்க்குல ஒரு காப்பி இன்னைக்கே எடுங்க. பிறகு அந்தப் பெட்டியோட மாடல் நம்பரையும் “4096 செக்டர், வேற கேசிங்கில் போட்டு ஃபார்மட் பண்ணக் கூடாது” ங்கிறதையும் ஒரு ஸ்டிக்கர்ல எழுதி பெட்டி மேல ஒட்டிடுங்க.